வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தால் கோபம் கூடுகிறது – தொடரவா, விடவா?

கொழுந்து_எடை | கோத்தகிரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலைக்கு எடை போடுவது என் வேலை. இலை வரத்து அதிகம் இருக்கும்போது இரவு ஷிஃப்ட்டும் சேர்ந்துகொள்ளும். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு உபவாச ஜெபம். இரண்டு மணிக்கு முடித்து கஞ்சி கொடுப்பார்கள். லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) தொடங்கியதிலிருந்து தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

மற்ற நாளில் வருவதைவிட உபவாச நாளில் எனக்குக் கோபம் அதிகம். வேலைக்குப் போனால் இலை கொண்டுவந்தவர்களிடம் எரிந்து விழுகிறேன், வீட்டுக்கு வந்தால் பையனிடம் கத்துகிறேன். போன வாரம் என் மனைவி அவனிடம், "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, அப்பாகிட்ட நோட்டை எடுத்துட்டுப் போகாதே, நாளைக்குக் கையெழுத்து வாங்கிக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

இன்னொன்று, அண்ணனோடு நிலத் தகராறு. தாத்தா காலத்துத் தேயிலைத் தோட்டம், பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. முழங்கால் போட்டால் அதுதான் மனசில் ஓடுகிறது. "ஆண்டவரே, நியாயம் செய்யும்" என்று ஆரம்பிக்கிற ஜெபம் கொஞ்ச நேரத்தில் "அவன் கோர்ட் வாசலில் தலை குனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும்" என்பதில் போய் நிற்கிறது. உண்மையைச் சொன்னால், நான் உபவாசம் தொடங்கியதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஜெபத்தின் நடுவில் ஆண்டவரைப் பற்றியே அசிங்கமான வார்த்தைகள் மனசுக்குள் வருகின்றன. நானாக நினைப்பதில்லை. விரட்ட விரட்ட வருகிறது. அதற்குப் பரிகாரமாக அன்று இரவும் சாப்பிடாமல் படுக்கிறேன். மறுநாள் இன்னும் மோசம்.

என் கேள்வி இதுதான். நோக்கம் சுத்தமில்லாத உபவாசத்தை விட்டுவிடுவது நல்லதா, நோக்கம் சுத்தமாகிறவரை இருந்துகொண்டே இருப்பதா?

ஜெபவீரன் | குன்னூர்

பிரெய்ஸ் த லார்ட் பிரதர். இது ஆவிக்குரிய யுத்தம். நீங்கள் முன்னேறுவதால்தான் சத்துரு எதிர்க்கிறான். மத்தேயு 17:21 வாசியுங்கள். இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும்தான் போகும். அரை நாள் உபவாசம் இதற்குப் போதாது. வேதத்தில் எஸ்தர் ராணி இருந்த மாதிரி எஸ்தர் உபவாசம் எடுங்கள். மூன்று நாள், இரவும் பகலும், தண்ணீரும் கிடையாது. கெட்ட சிந்தனை ஓடிப்போகும். இரண்டு மணிக் கஞ்சியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற உபவாசத்தில் வல்லமை எங்கிருந்து வரும்?

பூண்டுக்காட்டு_அக்கா | கொடைக்கானல்

தம்பி, மேலே உள்ளதைப் படித்துவிட்டு உடனே ஆரம்பித்துவிடாதீர்கள்.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் ஒருசந்தி (உபவாசம்), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) என்றுதான் பேச்சு. திருச்சபை கட்டாயமாகக் கேட்பது என்னவோ கொஞ்சம்தான். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி. அது 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் கொஞ்சமாக ஏதாவது. இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்தவர்களுக்கு. உடம்பு முடியாதவர்களுக்கு விலக்கு. அவ்வளவுதான் சட்டம்.

என் மாமியார் இதைப் பத்து மடங்கு கூட்டி வைத்திருந்தார். தவக்காலத்து வெள்ளி என்றால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஆனால் அடுப்படி வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, நான் குழம்பில் எத்தனை மிளகாய் கிள்ளிப் போடுகிறேன் என்று எண்ணிக்கொண்டிருப்பார். சாயங்காலம் அவர் ஒருசந்தி முடிக்கும்போது நான் அழுது முடித்திருப்பேன். இன்று அவர் இல்லை, நல்ல மனுஷிதான், எனக்குக் குறை சொல்ல மனமில்லை. ஆனால் உங்கள் மனைவி பையனிடம் சொன்னதைப் படித்ததும் அந்த அடுப்படிதான் ஞாபகம் வந்தது.

ஒரு தியானத்தில் சாமியார் சொன்னார். 387ஆம் வருஷம் அந்தியோக்கியாவில் வரி உயர்வுக்காக ஜனங்கள் கொதித்துப்போய் ராஜாவின் சிலைகளை உடைத்துவிட்டார்கள். அப்புறம் என்ன தண்டனை வருமோ என்று ஊரே நடுங்கியது. அது தவக்காலம். அங்கே குருவாக இருந்த கிறிசோஸ்தம் யோவான் அந்த ஜனங்களிடம், கோழியும் மீனும் சாப்பிடாமல் இருந்துகொண்டு கூடப்பிறந்தவனைக் கடித்துத் தின்றால் என்ன பிரயோஜனம் என்று கேட்டாராம். கோபத்தில் கொந்தளித்த ஊரிடம் கேட்டது என்பதால்தான் எனக்கு அது மறக்கவில்லை.

பந்தலூர்_சிஸ்டர் | பந்தலூர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆஸ்பத்திரி சிஸ்டர், சபை சிஸ்டர் வேறு ஆள்.

அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீர்கள்? தொழிற்சாலையில் வேலை என்கிறீர்கள், ஐந்தாறு இருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒன்றுகூடக் கிடையாது, சரியா? தினமும் டீ, காபி குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கடைசி டீக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, எரிச்சல், கவனம் நிற்காமை எல்லாம் ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். வியாழன் சாயங்காலம் கடைசி டீ குடித்தால், நீங்கள் முழங்காலில் நிற்கிற நேரமும் அது வேலையைக் காட்டுகிற நேரமும் ஒன்று. சாத்தான் மேல் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் டீத்தூள் மேலும் போட்டுப் பாருங்கள்.

இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் உபவாச ஜெபத்துக்குப் போகிற வெள்ளி உண்டா? தூக்கம் இல்லாத உடம்பு பட்டினியும் கிடந்தால் யாருக்கும் கோபம் வரும். சாப்பிடாதபோது சர்க்கரை அளவைத் தாங்கிப் பிடிக்க உடம்பு அட்ரினலின் போன்ற சுரப்புகளை விடும். படபடப்பும் சிடுசிடுப்பும் அதன் கூடவே வரும். இதை உங்கள் குணத்துக்குச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் பாவக் கணக்கில் எழுதவும் வேண்டாம்.

ஜெபவீரன் பிரதருக்கு: மூன்று நாள் தண்ணீரில்லாமல் இரு என்று முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்வது ஆபத்து. அவருக்கு சுகர் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதுவும் உங்களுக்குத் தெரியாது. இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுக்கிறவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி மயங்கி விழலாம். மனநலத்துக்கு லித்தியம் எடுக்கிறவர் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மருந்தே உடம்பில் விஷமாகும். மருந்து எடுக்கிற யாரும் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் தொடங்கக் கூடாது.

அசிங்கமான வார்த்தைகள் வருவதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். வார்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

ஓய்வு_உபதேசியார் | கேத்தி

தம்பிக்கு அன்பின் வாழ்த்துகள். கண் சரியில்லை, பேத்தி தட்டித் தருகிறாள், பிழை இருந்தால் அவளுடையது. (தாத்தா, இதையும் தட்டச் சொன்னீர்கள், தட்டிவிட்டேன்.)

உபவாசம் என்றதும் எல்லாரும் ஏசாயா 58க்குப் போவார்கள். நானும் வருவேன். அதற்கு முன்னால் 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தை எடுங்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டம். நிலத் தகராறு உள்ளவர் நீங்கள், உங்களுக்கென்றே இருக்கிறது.

அந்த ஒரே அதிகாரத்தில் சாப்பிடாமல் இருப்பது மூன்று தடவை வருகிறது. முதலில் ஆகாப் ராஜா. தோட்டம் கிடைக்கவில்லை என்று கோபத்தோடு வீட்டுக்கு வந்து, கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பாடு வேண்டாம் என்கிறான். அப்புறம் அவன் மனைவி யேசபேல். நாபோத்தின் ஊர் மூப்பர்களுக்குக் கடிதம் எழுதி உபவாசம் கூறச் சொல்கிறாள். அந்த உபவாச நாளில்தான் பொய்ச்சாட்சி வைத்து நாபோத்தைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். சபை கூடியது, ஜனங்கள் உட்கார்ந்தார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. மூன்றாவது மறுபடியும் ஆகாப். எலியா தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொன்ன பிறகு இரட்டு (துக்கத்துக்கு உடுத்துகிற முரட்டுத் துணி) உடுத்தி, உபவாசம் பண்ணி, தாழ்மையாய் நடந்துகொண்டான்.

மூன்றாவதைத்தான் கர்த்தர் கவனித்தார். எலியாவிடம், "இவன் தன்னைத் தாழ்த்தினதைப் பார்த்தாயா" என்கிற மாதிரிக் கேட்கிறார். ஆகாபைவிடக் கெட்ட ராஜா இல்லை என்று அதே அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. அவன் மனசு அன்றைக்கு முழுக்கச் சுத்தமாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது, அடுத்த அதிகாரத்திலேயே மிகாயா தீர்க்கதரிசியைச் சிறையில் போடுகிறான். ஆனாலும் அந்த உபவாசம் தள்ளப்படவில்லை. ஏன்? அது அவனுக்கு விரோதமாகவே அவன் இருந்த உபவாசம். யேசபேலுடையது அடுத்தவனுக்கு விரோதமானது. அதனால் "நோக்கம் சுத்தமா" என்று உட்கார்ந்து மனசைக் கிளறிக்கொண்டே இருக்காதீர்கள். யாருக்கு விரோதமாக இந்தப் பட்டினி என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் உடனே தெரியும்.

வேதத்தில் கோபக்காரர்களின் உபவாசம் இன்னும் உண்டு. சவுல் ராஜா, நான் என் சத்துருக்களைப் பழிவாங்குகிற வரைக்கும் சாயங்காலம் மட்டும் எவனும் சாப்பிடக் கூடாது என்று ஆணையிட்டான். சேனை சோர்ந்துபோனது. சங்கதி தெரியாத அவன் மகன் யோனத்தான் காட்டில் கொஞ்சம் தேனைத் தொட்டு வாயில் வைத்தான், அவன் கண்கள் தெளிந்தன. ராத்திரி ஜனங்கள் பசி தாங்காமல் இரத்தத்தோடு இறைச்சியைத் தின்றார்கள். கடைசியில் சவுல் சொந்த மகனையே கொல்லப் பார்த்தான். அப்போஸ்தலர் 23இல் நாற்பது பேருக்கு மேல், பவுலைக் கொல்லும்வரை புசிப்பதுமில்லை குடிப்பதுமில்லை என்று சபதம் எடுத்தார்கள். வைராக்கியத்தில் அவர்களுக்குக் குறைவே கிடையாது.

அண்ணன் கோர்ட் வாசலில் தலைகுனிய வேண்டும் என்று இருக்கிற பட்டினி இந்தப் பக்கத்தில் சேரும். அதை இன்றே விட்டுவிடலாம்.

இனி ஏசாயா 58. உபவாசிக்கிற அன்றைக்கே வேலை செய்கிறவர்களைப் பிழிகிறீர்கள், வழக்காடுகிறீர்கள், கைநீட்டி அடிக்கிறீர்கள் என்று கர்த்தர் சொல்கிறார். எனக்கு உகந்த உபவாசம் எது என்று அவர் அடுக்கும்போது, பசித்தவனுக்கு ஆகாரம், வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம் என்று சொல்லிக்கொண்டே வந்து, சொந்த மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமல் இருப்பதையும் சேர்த்துச் சொல்கிறார். கூடப்பிறந்தவனுக்கு முகத்தை மறைக்காதே என்று நான் அதைப் படிக்கிறேன்.

தம்பி, நீங்கள் எடை போடுகிறவர். மழை நாளில் ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிக்கிறீர்களே, வெள்ளிக்கிழமை அந்தக் கழிவு கொஞ்சம் கூடுகிறதா? கோபத்தில் கை தாராளமாகும். கேட்டது தப்பென்றால் மன்னிக்கவும்.

கோபம் உபவாசத்தால் உண்டாகவில்லை. வாட்டின இலையில்தான் வாசனை தெரியும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா. வயிறு நிறைந்திருக்கும்போது உள்ளே மூடிக் கிடந்தது வெளியே வருகிறது. வெளியே வந்ததைப் பார்த்துப் பயந்து இன்னும் பட்டினி கிடப்பதில் அர்த்தமில்லை.

கொழுந்து_எடை | கோத்தகிரி

ஐயா, கழிவு முதலாளி சொல்கிற கணக்கு. நான் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அதில் என்னை இழுக்க வேண்டாம்.

சிஸ்டர், டீ ஏழெட்டு ஆகும். டேஸ்டிங் தனி.

ஜெபவீரன் | குன்னூர்

உபதேசியார் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் வசனம் வசனம்தான். டீ குடிக்காததால் கோபம், தூங்காததால் கோபம் என்று போனால் அப்புறம் பாவம் எங்கே, மனந்திரும்புதல் எங்கே? இயேசு நாற்பது நாள் இருந்தார். டீ கேட்கவில்லை.

ஓய்வு_உபதேசியார் | கேத்தி

கேட்கவில்லைதான். நாற்பது நாள் முடிந்து பசி வந்த பிறகுதான் சோதனைக்காரன் வந்தான் என்பதையும் அதே இடத்தில் வாசியுங்கள். பசி வந்த மனுஷனிடம் பிசாசு முதலில் அப்பத்தைப் பற்றித்தான் பேசினான். உடம்பு கணக்கில் சேராது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

மத்தேயு 17:21 பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இல்லாத வசனம். அதனால்தான் புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடிக்குறிப்பில் போட்டிருக்கிறார்கள். சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே யாரை உபவாசிக்கச் சொல்கிறார்? சீஷர்களை. பிசாசு பிடித்துத் தீயிலும் தண்ணீரிலும் விழுந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளையை அல்ல. வேதனைப்படுகிறவனுக்காக மற்றவர்கள் பட்டினி கிடக்கட்டும். பிரதருக்கு அவ்வளவு பாரம் இருந்தால் தம்பிக்காக நீங்கள் மூன்று நாள் இருங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டு.

எஸ்தர் உபவாசம் ஒரு ஜனத்துக்கே சாவு நாள் குறித்தபோது ஒரே தடவை நடந்தது. மூன்றாம் நாள் அவள் நல்ல உடை உடுத்தி, ராஜாவுக்கு விருந்து வைத்தாள். அந்த விருந்தை யாரும் ஜெபக்குறிப்பில் போடுவதில்லை.

நெறியாளர்

ஜெபவீரன் இட்ட வேறு இரண்டு பதில்களை எடுத்திருக்கிறேன். யாருக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று இங்கே யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தண்ணீரில்லா உபவாசத்தைப் பரிந்துரைக்கவும் வேண்டாம். மற்றபடி விவாதம் நடக்கட்டும்.

பந்தலூர்_சிஸ்டர் | பந்தலூர்

இப்போதுதான் நேரம் கிடைத்தது.

அண்ணா, விரும்பாமல் வருகிற எண்ணங்களைப் பற்றி. ஜெபத்தின் நடுவில் ஆண்டவரைத் திட்டுகிற வார்த்தை, பரிசுத்தமான இடத்தில் அசிங்கமான படம், பிள்ளையைத் தூக்கும்போது கீழே போட்டுவிடுவேனோ என்கிற நினைப்பு, இதெல்லாம் உலகத்தில் ஏராளமான பேருக்கு வந்துபோகிறது. பெரும்பாலானவர்கள் "ச்சீ" என்று விட்டுவிடுவார்கள், அது போய்விடும். சிலருக்கு அது ஒட்டிக்கொள்ளும். எது நமக்கு மிகவும் புனிதமோ அதைத்தான் பிடிக்கும். பக்தி இல்லாதவருக்கு ஆண்டவரைத் திட்டுகிற எண்ணம் வந்து துன்பப்படுத்துவதில்லை. நீங்கள் துன்பப்படுகிறீர்கள் என்பதே அந்த வார்த்தைகளில் உங்களுக்கு விருப்பமில்லை என்று காட்டுகிறது.

கவனிக்க வேண்டியது, எண்ணம் வந்த பிறகு நீங்கள் செய்வது. பரிகாரமாக இன்னொரு வேளை பட்டினி என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் முன்னைவிட வேகமாக வருகிறது, சரியா? ஒரே ஜெபத்தைச் "சரியாக" வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள், ஒரே பாவத்தைப் போதகரிடம் திரும்பத் திரும்ப அறிக்கை செய்கிறவர்கள், எல்லாம் இந்தச் சுழலில் மாட்டியவர்களாக இருக்கலாம். ஓ.சி.டி. என்கிற நோயின் ஒரு வகை இப்படி வரும். உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் இது தெரிந்த நோய், பைத்தியம் கிடையாது. எண்ணம் வரும்போது பரிகாரம் செய்யாமல் விட்டுப் பழகுகிற சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கிறது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416. டெலி மனஸ், அரசு நடத்துகிற இலவச எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 2022இலிருந்து இருக்கிறது, இன்னும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வேண்டாத எண்ணம் வந்து பயமுறுத்துவது வேறு. அண்ணனை அடிக்கப் போகிறேன் என்று திட்டம் போடுவதோ, நான் இருந்து என்ன பயன் என்று தோன்றுவதோ வேறு. இரண்டாவது வந்தால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அந்த எண்ணுக்குப் பேசுங்கள், அக்காவிடமும் சொல்லுங்கள். (உங்கள் மனைவியைச் சொன்னேன்.)

ஓய்வு_உபதேசியார் | கேத்தி

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றான். தூதன் வந்து அவனை உபவாசிக்கச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் தூங்கினான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்குப் பிரயாணம். மனசு அடிபட்டுக் கிடக்கிற நேரத்தில் உபவாசம் வேண்டாம் என்று நான் எத்தனையோ பேருக்கு இந்த அதிகாரத்தைத்தான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒருவரும் என்னோடு சண்டை போட்டதில்லை, பசியில் இருந்தவர்களைத் தவிர.

ஹாஸ்டல்_மாணவி | கொடைக்கானல்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் அண்ணா மாதிரியே எண்ணங்கள் வருகின்றன, ஆனால் வேறு மாதிரி, இங்கே எழுத முடியாது. நான் புதன், வெள்ளி இரண்டு நாளும் காலை, மதியம் சாப்பிடுவதில்லை. தோழிகள் "எவ்வளவு ஸ்பிரிச்சுவல்" என்கிறார்கள். எடை குறைந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை. அதுவும் தப்பான நோக்கமா?

பூண்டுக்காட்டு_அக்கா | கொடைக்கானல்

கண்ணு, உன் வயசு என்ன? பதினெட்டு ஆகவில்லை என்றால் எங்கள் திருச்சபை உன்னிடம் ஒருசந்தியே கேட்பதில்லை. தோழிகள் பார்க்கிற மாதிரி இருக்காதே. இயேசு தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்றது எதற்கு? மெஸ்ஸில் போய் எல்லாரோடும் உட்கார்ந்து இட்லி சாப்பிடு. வேண்டுமென்றால் கேக், சாக்லேட் வாங்குகிற காசை எடுத்து வை. நம் ஊரில் அந்தக் கடைகளைத் தாண்டிப் போவதே பெரிய தவம்.

பந்தலூர்_சிஸ்டர் | பந்தலூர்

எடை குறைவதில் சந்தோஷம் என்று நீ எழுதியதை நான் லேசாக விடமாட்டேன் தங்கச்சி. சாப்பாட்டை நிறுத்துவதற்கு பக்தி ஒரு மூடியாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, முடி கொட்டுகிறதா, எப்போதும் குளிர்கிறதா (கொடைக்கானல் குளிரைச் சொல்லவில்லை)? ஒன்றுக்கு ஆம் என்றாலும் உபவாசத்தை நிறுத்து, அம்மாவிடம் சொல், டாக்டரைப் பார். எனக்குத் தனிச்செய்தி அனுப்பு.

ஹாஸ்டல்_மாணவி | கொடைக்கானல்

அனுப்பிவிட்டேன் அக்கா.

கொழுந்து_எடை | கோத்தகிரி

எல்லாருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா, கழிவைப் பற்றிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது, அதனால்தான் அப்படி எழுதினேன். சதவீதம் முதலாளியுடையதுதான். ஆனால் எந்த மூட்டையை "ஈரம்" என்பது, எதைச் சும்மா விடுவது என்பது தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் வாயில் இருக்கிறது. அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வேறு சிக்கல். மத்தேயு 5இல், காணிக்கையை பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறாரே, அதைச் செய்யலாம் என்று அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அண்ணி எடுத்து, "எதுவானாலும் வக்கீல் மூலமாகப் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்கள். எனக்கு மறுபடி உச்சிக்கு ஏறிவிட்டது. போய்ப் பார்த்தாயிற்று, அங்கே ஆள் இல்லை. இனி என்ன செய்ய?

ஓய்வு_உபதேசியார் | கேத்தி

ரோமர் 12:18, கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள். "கூடுமானால்" என்று பவுல் போட்டிருக்கிறார், கூடாமல் போகிற இடமும் உண்டு என்று அவருக்குத் தெரியும். உங்கள் பங்கு போன் செய்வது. எடுப்பது அவர் பங்கு. வழக்கு நடக்கட்டும், பங்கு கேட்பது பாவமில்லை, நாபோத்தும் தன் பிதாக்களின் சுதந்தரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னான். அண்ணன் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும். அந்தப் பிள்ளைகளின் பேரைச் சொல்லி ஜெபியுங்கள், வழக்கை ஜெபத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வழக்கைப் பார்க்க வக்கீல் இருக்கிறார், அவருக்குப் பணமும் கொடுக்கிறீர்கள்.

பூண்டுக்காட்டு_அக்கா | கொடைக்கானல்

அண்ணியிடம் சண்டை போடாதீர்கள் தம்பி. போனை எடுக்கச் சொல்லி உங்கள் அண்ணன்தான் கொடுத்திருப்பார். எடுத்தாரே, அதுவே பாதி.

கொழுந்து_எடை | கோத்தகிரி

பிள்ளைகள் பேரைச் சொல்லி ஜெபிப்பது கஷ்டமாகத்தான் இருக்கும் ஐயா. சின்னவன் என் மடியில் வளர்ந்தவன். முயற்சி செய்கிறேன்.

நாளை வெள்ளி. இன்று இரவு ஷிஃப்ட் இருக்கிறது, அதனால் காலையில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன், உபவாச ஜெபத்துக்குப் போகவில்லை. சபையில் கேட்பார்கள், கேட்கட்டும். அடுத்த வெள்ளி பகல் ஷிஃப்ட், அன்றைக்கு மதியம் மட்டும் விடலாம் என்று இருக்கிறேன். சிஸ்டர், அதற்குள் டீயை எப்படிக் குறைப்பது? ஒரே அடியாக நிறுத்தினால் தராசில் நிற்க முடியாது.

பந்தலூர்_சிஸ்டர் | பந்தலூர்

ஒரே அடியாக வேண்டாம். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு டீ வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். அந்த வெள்ளிக்குள் மூன்று நான்கு குறைந்துவிடும், அது போதும். அன்றைக்குக் காலையில் ஒரு டீ குடித்துவிட்டே இருங்கள், பால் சேர்த்தாலும் பரவாயில்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். முடிக்கும்போது காரமும் பொரித்ததும் வேண்டாம், சபைக் கஞ்சியே நல்லது. 14416க்கு எப்போது பேசப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே?

கொழுந்து_எடை | கோத்தகிரி

சனிக்கிழமை. மனைவி பக்கத்தில் இருக்கும்போது பேசலாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

ஜெபவீரன் | குன்னூர்

பிரதர், உங்களுக்காக வெள்ளி ஒரு நாள் நான் இருக்கிறேன். தண்ணீர் குடிப்பேன். சிஸ்டர் திருப்தியா?

பந்தலூர்_சிஸ்டர் | பந்தலூர்

உங்களுக்கு சுகர் இருக்கிறதா பிரதர்?

ஜெபவீரன் | குன்னூர்

இருக்கிறது. மாத்திரைதான், ஊசி கிடையாது.

பந்தலூர்_சிஸ்டர் | பந்தலூர்

மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், என்ன மாத்திரை என்று பார்க்கிறேன். டாக்டரிடம் கேட்கிற வரைக்கும் சாப்பிட்டுவிட்டே ஜெபம் பண்ணுங்கள்.